பொடியின் அளவை நுரையிடம் கேட்காதீர்கள்!

கம்ப்யூட்டர் இதழில் துணி துவைப்பது பற்றி என்ன கட்டுரை என்று கேட்கிறீர்களா? இன்று கடைகளில் கிடைக்கும் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினுக்குள்ளே ஒரு மைக்ரோ கன்ட்ரோலர் இருக்கிறது. சென்சார்கள் இருக்கின்றன. கோளாறு என்றால் எரர் கோட் காட்டுகிறது. வைஃபை மூலம் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் மெஷின்கள்கூட வந்துவிட்டன. இவ்வளவு இருந்தும், உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அது உங்களிடம் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை. நுரை வருகிறதா என்று பார்த்துப் பொடியைக் கொட்டுகிறோம். இதில் யார் மீது தவறு, என்ன செய்யலாம் என்பது பற்றி என் கருத்தைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

எனக்கு ஊர் சாத்தான்குளம். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இப்போது தூத்துக்குடி மாவட்டம். தாமிரபரணிப் பாசன வயல்கள் முடிந்து பனைமரமும் தேரிக்காடும் தொடங்குகிற பகுதி. இங்கே பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியாக வரும் ஆற்றுத் தண்ணீர். அதை ‘நல்ல தண்ணி’ என்போம். மற்றது போர்வெல் தண்ணீர். அது ‘உப்புத் தண்ணி’. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி. குளிக்கவும் துவைக்கவும் உப்புத் தண்ணி.

சில வருடங்களுக்கு முன் ஃப்ரண்ட் லோட் மெஷின் ஒன்று வாங்கினோம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து போர் தண்ணீர்தான் அதற்குப் போகும். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் நுரையே தெரியாது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“நொரையே இல்லாம என்னத்த துவைக்குது? வெறும் தண்ணியில அலசுத மாதிரில்லா இருக்கு” என்பார்.

ஒரு ஸ்பூன் பொடி இரண்டு ஸ்பூன் ஆனது. பிறகு மூன்று ஆனது. மெஷின் பொடி விலை அதிகம் என்று, கையால் துவைக்கும் பொடியையும் சேர்க்க ஆரம்பித்தார். துணி வெளுத்ததா என்றால் இல்லை. துண்டு காய்ந்தால் அப்பளம் போல விறைத்து நிற்கும். கறுப்பு பேன்ட்டில் சாம்பல் பூத்தது போல வெள்ளைத் திட்டு இருக்கும்.

ஒரு ஐப்பசி மாதம் போர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. ரீவைண்டிங் செய்து வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை கீழ்த் தொட்டியில் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணியை மேலே ஏற்றினோம். அம்மா வழக்கமான அளவு பொடியைப் போட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். அரை மணி நேரத்தில் பொடி போடும் டிராயர் வழியாக நுரை வழிந்து தரையில் ஓடியது. டிஸ்ப்ளேயில் எரர் கோட். மெஷின் கொஞ்சம் சுற்றும், நிற்கும், தண்ணீரை வெளியே தள்ளும், மறுபடியும் சுற்றும். மூன்று மணி நேரம் ஆகியும் முடியவில்லை. ஸ்பின் வேகமே எடுக்கவில்லை.

மெக்கானிக் வந்து பார்த்தார். “போர்டு போயிட்டு அண்ணாச்சி. மாத்துனாத்தான் சரியாவும். ஆறாயிரம் ஆவும்” என்றார்.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன். விண்டோஸ் திறக்கவில்லை என்றவுடன் மதர்போர்டை மாற்றச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோளாறு வந்தால் கடைசியாக எது மாறியது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். நாம் கம்ப்யூட்டரில் செய்வதும் இதுதானே? அதையே இங்கேயும் செய்தேன். துணி இல்லாமல், பொடி போடாமல் மெஷினை ஓடவிட்டேன். உள்ளே தங்கியிருந்த பழைய பொடியே நுரைத்தது. இரண்டாவது முறை நுரை பாதியானது. மூன்றாவது முறை எரர் வரவில்லை. இன்று வரை அதே போர்டுதான் ஓடுகிறது.

மெஷின் மாறவில்லை. பொடி மாறவில்லை. அளவு மாறவில்லை. மாறியது தண்ணீர் மட்டும்தான்.

இரண்டு தண்ணீருக்கும் என்ன வித்தியாசம்?

கடின நீர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள்தான் கடினத்தன்மைக்குக் காரணம். பொதிகை மலையில் பெய்த மழை பாறைகள் மீது ஓடி ஆறாக வருவதால் தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது. எங்கள் ஊர் நிலத்தடி நீர் அப்படி இல்லை. பக்கத்தில் உள்ள பன்னம்பாறையின் பெயரால் நிலவியல் நூல்களில் ஒரு மணற்கல்லே உண்டு. சுண்ணாம்பு கலந்த மணற்கல் அது. இப்படிப்பட்ட நிலத்தில் ஊறிய தண்ணீர் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டுதான் மேலே வரும். கடற்கரைப் பக்கம் போகப் போகச் சாதாரண உப்பும் சேர்ந்துகொள்ளும்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500. இதன் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 600 வரை அனுமதி. இந்த மில்லி கிராம் கணக்கைத்தான் பேச்சு வழக்கில் பிபிஎம் என்கிறோம். எங்கள் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோது 600-ஐத் தாண்டியிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாட்டர் ஃபில்டர் விற்க வருபவர்கள் பேனா போல ஒரு டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் விட்டு, “பாருங்க, 1200 காட்டுது, இதனாலதான் நுரை வரல” என்பார்கள். அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை வைத்து மொத்த உப்பைக் கணக்கிடுகிறது. அது கால்சியமா, சாதாரணச் சோடியம் உப்பா என்று அதற்குத் தெரியாது. நுரையைக் கெடுப்பது முக்கியமாகக் கால்சியமும் மக்னீசியமும்தான். டிடிஎஸ் அதிகமாக இருந்தும் கடினத்தன்மை குறைவாக உள்ள தண்ணீர் உண்டு. ஆகவே டிடிஎஸ் எண்ணை மட்டும் பார்த்து எதையும் வாங்காதீர்கள்.

அம்மா சொன்னது தவறா?

இந்த விஷயத்தைப் படித்துப் பார்த்த பிறகுதான், அம்மா நுரையைக் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

சோப்புக் கட்டி காலத்தை நினைத்துப் பாருங்கள். சோப்பு முதலில் கால்சியத்தோடு சேர்ந்து தயிர் திரிந்தது போலத் திப்பி திப்பியாகப் பிரியும். வாளியின் ஓரத்தில் படியும் அழுக்கு வளையம் அதுதான். தண்ணீரில் உள்ள கால்சியம் முழுவதையும் சோப்பு இப்படித் தீர்த்த பிறகுதான் நுரை நிற்கும். அதாவது நுரை நிற்கிறது என்றால், தண்ணீருக்குப் போக மிச்சமுள்ள சோப்பு துணிக்குக் கிடைக்கிறது என்று பொருள். எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் அதிகம் இருந்தாலும் நுரை அடங்கிவிடும். அப்போது இன்னும் கொஞ்சம் சோப்புப் போடுவார்கள். ஆக, நுரை என்பது ஒரு மீட்டர். எந்தப் படிப்பும் இல்லாமல் கண்ணால் பார்த்து அளவு தெரிந்துகொள்ளும் மீட்டர்.

பிறகு டிடர்ஜென்ட் பொடி வந்தது. இந்தியாவில் சர்ஃப் 1959-லும் நிர்மா 1969-லும் வந்தன. பொடியில் அழுக்கை எடுக்கும் முக்கிய வேதிப்பொருள் பெரும்பாலும் எல்ஏஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் லீனியர் அல்கைல் பென்சீன் சல்போனேட். இது சோப்பு அளவுக்குத் திரியாது. ஆனால் கடின நீரில் இதன் வேலையும் நுரையும் குறையவே செய்யும். அதனால் கால்சியத்தைச் சமாளிக்க வேறு பொருள்களும் பொடியில் சேர்க்கப்படுகின்றன. இவற்றை ‘பில்டர்’ என்பார்கள். சுருக்கமாக இவை:

* வாஷிங் சோடா எனும் சோடியம் கார்பனேட்: கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் பிரித்துக் கீழே தள்ளும். விலை குறைவு. ஆனால் பிரிந்த சுண்ணாம்பு துணியிலும் ஹீட்டரிலும் படியலாம்.

* பாஸ்பேட்: கால்சியத்தைப் பிடித்துத் தண்ணீரிலேயே கரைந்த நிலையில் வைத்திருக்கும். மிக நல்ல வேலைக்காரன். ஆனால் கழிவுநீர் போய்ச் சேரும் குளத்தில் பாசி பெருகக் காரணமாகும். இதனால் ஐரோப்பிய யூனியன் 2013 ஜூன் 30 முதல் வீட்டு டிடர்ஜென்ட்டில் பாஸ்பேட்டுக்கு மிகக் கடுமையான வரம்பு விதித்தது.

* ஜியோலைட்: தன்னிடம் உள்ள சோடியத்தைக் கொடுத்துவிட்டுக் கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். தண்ணீரில் கரையாத நுண்ணிய தூள்.

இவற்றோடு, ஃப்ரண்ட் லோட் மெஷினுக்கான பொடியில் இன்னொன்றும் சேர்க்கிறார்கள். அதுதான் நுரை அடக்கி. சிலிக்கோன் வகைப் பொருளை மிகச் சிறிய அளவில் சேர்த்தாலே நுரைக் குமிழி உடைந்துவிடும்.

என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. அம்மா நம்பியிருந்த மீட்டரைக் கம்பெனிகள் வேண்டுமென்றே கழற்றிவிட்டன. கழற்றியது சரிதான். அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் பதிலுக்கு வேறு மீட்டர் கொடுத்தார்களா? இல்லை. கம்ப்யூட்டர் கேபினெட்டில் உள்ள எல்லா எல்இடி விளக்குகளையும் பிடுங்கிவிட்டு, ஹார்ட் டிஸ்க் ஓடுகிறதா என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள் என்றால் எப்படி இருக்கும்?

நுரையை ஏன் அடக்க வேண்டும்?

ஃப்ரண்ட் லோட் மெஷினில் துணி மேலே போய்த் தொப்பென்று கீழே விழுகிறது. அந்த அடியில்தான் அழுக்குப் போகிறது. ஆற்றங்கரையில் கல்லில் அடித்துத் துவைப்பது போல. உள்ளே நுரை நிறைந்தால், துணி தலையணை மேல் விழுவது போல மெத்தென்று விழும். அழுக்குப் போகாது.

அடுத்தது சென்சார். மெஷினில் தண்ணீர் மட்டத்தை அளக்க அடியில் ஒரு சிறு குழாயும் மேலே ஒரு பிரஷர் சென்சாரும் உண்டு. குழாய்க்குள் நுரை ஏறினால் சென்சாருக்குத் தப்பான கணக்குப் போகும். மூன்றாவது, பம்ப். தண்ணீரைத் தள்ளுவதற்காகச் செய்த பம்ப், காற்று நிறைந்த நுரையைத் தள்ளத் திணறும். நான்காவது, ஸ்பின். டிரம்முக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவே நுரை அடைத்துக்கொண்டால் டிரம் வேகமெடுக்க முடியாது. புரோகிராம் இதைக் கவனித்து, நுரை என்று எரர் காட்டி, அலசலைக் கூட்டுகிறது. எங்கள் மெஷின் மூன்று மணி நேரம் செய்ததும் இதைத்தான். அது கோளாறு அல்ல. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது எடுத்த முயற்சி.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்

600 பிபிஎம் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 0.6 கிராம் கடினத்தன்மை. ஃப்ரண்ட் லோட் மெஷின் துவைக்கும் கட்டத்தில் சுமார் 15 லிட்டர் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். பொடி சமாளிக்க வேண்டியது 9 கிராம். அதே துணியை டாப் லோட் மெஷினில் 60 லிட்டரில் துவைத்தால் 36 கிராம். ஒரே தண்ணீர், ஒரே துணி, நான்கு மடங்கு சுமை! ஒரு கிராம் கடினத்தன்மையைத் தீர்க்க, ஈரமில்லாத வாஷிங் சோடா ஏறத்தாழ ஒரு கிராம் வேண்டும். ஆக, டாப் லோடில் போடும் பொடியில் பெரும் பங்கு அழுக்கைப் பார்ப்பதற்கு முன்பே தண்ணீரோடு சண்டை போட்டுத் தீர்ந்துவிடுகிறது.

நல்ல தண்ணீரில் இந்தச் சண்டையே இல்லை. போட்ட பொடி அத்தனையும் மிச்சம். அதுதான் நுரையாக வெளியே வருகிறது. எனவே “7 கிலோ துணிக்கு இத்தனை ஸ்பூன்” என்று ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் அது எங்கள் வீட்டு இரண்டு தண்ணீரில் ஒன்றுக்கு நிச்சயம் தப்பாகத்தான் இருக்கும்.

சாஃப்ட்னர் வாங்கலாமா?

இதற்காகச் சந்தையில் பல சாதனங்கள் விற்கப்படுகின்றன. எல்லாவற்றையும் ‘சாஃப்ட்னர்’ என்றே சொல்லி விற்கிறார்கள். ஆனால் எல்லாம் ஒன்றல்ல.

ரெசின் நிரப்பிய சாஃப்ட்னர்தான் உண்மையில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுக்கிறது. எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. ரெசின் தீர்ந்ததும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவி மறுபடியும் தயார் செய்ய வேண்டும். ஒரு வாஷுக்கு அலசலும் சேர்த்து 50 லிட்டர் என்றால், 600 பிபிஎம் தண்ணீரில் 30 கிராம் கடினத்தன்மை. இதற்குச் சுமார் 75 கிராம் உப்புச் செலவாகலாம். மாதம் 30 வாஷ் என்றால் இரண்டேகால் கிலோ. தூத்துக்குடி மாவட்டத்தில் உப்புக்குப் பஞ்சம் இல்லைதான். ஆனால் கழுவிய உப்புத் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் ஊரில் பல வீடுகளில் மெஷின் தண்ணீர் தென்னை மூட்டுக்கும் வாழைக்கும்தான் போகிறது. அந்தத் தண்ணீரைத் தயவுசெய்து மரத்துக்கு விடாதீர்கள். மண் கெட்டுப்போகும். இன்னொன்று, சாஃப்ட்னர் வைத்த பிறகும் டிடிஎஸ் குறையாது. குறையவில்லை என்று விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

மெஷின் பைப்பில் மாட்டும் சிறிய ஃபில்டருக்குள் கண்ணாடிக் கோலி போல உருண்டைகள் இருக்கும். இவை பாலி பாஸ்பேட். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, சுண்ணாம்பு படிவதைத் தடுக்க உதவும். கால்சியத்தை நீக்காது. சூடு அதிகமானால் இதன் பலனும் குறையும். ஹீட்டருக்குக் கொஞ்சம் பாதுகாப்பு, அவ்வளவுதான்.

பைப்பின் மேல் கட்டும் காந்தம், வயர் சுற்றிய எலக்ட்ரானிக் பெட்டி ஆகியவை கால்சியத்தை நீக்குவதில்லை. கட்டுவதற்கு முன்னும் பின்னும் கீழே சொல்லியிருக்கும் சோப்புச் சோதனையைச் செய்யுங்கள். வித்தியாசம் வந்தால் வாங்குங்கள்.

என் கருத்து: வாஷிங் மெஷினுக்கு மட்டுமாக சாஃப்ட்னர் வாங்கும் முன், பொடியின் அளவைச் சரி செய்து பாருங்கள். பல வீடுகளில் அதுவே போதும். எங்கள் வீட்டில் போதுமாக இருக்கிறது.

கம்பெனிகளிடம் என் கோரிக்கை

ஐரோப்பிய யூனியன் 2004-ல் கொண்டுவந்த டிடர்ஜென்ட் சட்டத்தில், மென்னீர், நடுத்தரம், கடின நீர் என மூன்றுக்கும் எவ்வளவு பொடி போட வேண்டும் என்று பாக்கெட்டில் அச்சிடுவதைக் கட்டாயமாக்கினார்கள். ஜெர்மனியில் 150 பிபிஎம்முக்குக் கீழே மென்னீர், 250 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடின நீர். இதை எழுதும்போது என் வீட்டு அலமாரியில் மூன்று கம்பெனிகளின் பொடி பாக்கெட்டுகள் இருக்கின்றன. மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துணியின் எடைக்குக் கணக்கு இருக்கிறது. அழுக்குக்குக் கணக்கு இருக்கிறது. தண்ணீருக்கு எண் எதுவும் இல்லை.

“இந்தியாவில் தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறுகிறது, எந்த எண்ணை அச்சிடுவது?” என்று கம்பெனிக்காரர்கள் கேட்கலாம். தண்ணீர் மாறுகிறது என்பதால்தான் அட்டவணை வேண்டும் என்கிறேன். நாடு முழுவதும் ஒரே தண்ணீர் என்றால் ஒரே எண் போதுமே! சோதிக்கும் பட்டை ஒன்றைப் பாக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன பெரிய செலவு ஆகிவிடும்? பொடி அதிகம் செலவானால் அவர்களுக்கு லாபம்தானே என்ற சந்தேகம் மக்களுக்கு வராமல் இருக்கவாவது இதைச் செய்யலாம்.

மெஷின் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். பாத்திரம் கழுவும் டிஷ்வாஷரைப் பாருங்கள். பல மாடல்களில் உள்ளேயே சாஃப்ட்னர் இருக்கிறது. முதல் முறை ஆன் செய்யும்போதே தண்ணீரின் கடினத்தன்மையை செட் செய்யச் சொல்கிறது மேனுவல். பாத்திரம் கழுவும் மெஷினுக்குத் தெரிந்தது, துணி துவைக்கும் மெஷினுக்குத் தெரியக் கூடாதா? லிக்விட் டிடர்ஜென்ட்டைத் தானே அளந்து ஊற்றிக்கொள்ளும் மாடல்கள் வந்துவிட்டன. அவற்றில் சிலவற்றில் தண்ணீரின் கடினத்தன்மையையும் செட் செய்யலாம். விலை குறைந்த மாடலிலும் இதைக் கொடுக்கலாம். பெரிய ஹார்டுவேர் எதுவும் வேண்டாம். மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்று சாய்ஸ் கொண்ட ஒரு மெனு. அதை வைத்து எத்தனை ஸ்பூன் என்று டிஸ்ப்ளேயில் காட்டினால் போதும். சில வரி புரோகிராம்தான்.

உள்ளாட்சிகளும் உதவலாம். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் மிஷனில் கிராமத்துப் பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சியும் தருகிறார்கள். கடினத்தன்மைச் சோதனை அதில் உண்டு. சோதித்த எண்ணை மேல்நிலைத் தொட்டியின் சுவரில் எழுதி வைத்தால் ஊருக்கே பயன்படும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை

1. தண்ணீரைச் சோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். மீன் தொட்டிக் கடைகளில் ஜிஎச் என்று கேட்டால் சொட்டு விட்டுப் பார்க்கும் கிட் கிடைக்கும். அதில் ஒரு டிகிரி என்றால் ஏறத்தாழ 18 பிபிஎம்.

2. காசு செலவில்லாமல் பார்க்க வேண்டுமா? குளியல் சோப்பைச் சீவி மழைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். டிடர்ஜென்ட் கட்டி வேண்டாம். ஒரே மாதிரியான இரண்டு பாட்டில்களில் ஒன்றில் மழைத் தண்ணீர், மற்றதில் உங்கள் வீட்டுத் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு. சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். நுரை இரண்டு நிமிடம் கலையாமல் நிற்க எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ணுங்கள். அதிகம் ஆக ஆகக் கடினத்தன்மை அதிகம்.

3. பாக்கெட்டில் சொன்ன அளவில் ஆரம்பியுங்கள். துவைத்து முடிந்ததும் துணியோடு ஒரு ரின்ஸ் மட்டும் பொடி இல்லாமல் ஓட்டுங்கள். கண்ணாடியில் நுரை தெரிந்தால் அடுத்த முறை கால் பங்கு குறையுங்கள். நுரை தெரியாமல், துண்டும் விறைப்பாக இருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். நான்கைந்து வாஷில் உங்கள் வீட்டு அளவு பிடிபடும். அதை ஒரு தாளில் எழுதி மெஷின் மேல் ஒட்டுங்கள்.

4. ஃப்ரண்ட் லோட் மெஷினில் கையால் துவைக்கும் பொடியைப் போடாதீர்கள். நல்ல தண்ணீரில் அது ஆபத்து.

5. தொட்டியில் தண்ணீர் மாறினால் பொடியின் அளவையும் மாற்றுங்கள். டேங்கர் தண்ணீர் வாங்கினாலும் இதேதான்.

6. மழை நீரைச் சேமியுங்கள். வீடுகளில் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-ல் கட்டாயமாக்கியது. 1000 சதுர அடி மொட்டை மாடியில் 50 மில்லி மீட்டர் மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர். சேதாரம் போக 4,000 என்று வைத்தாலும், ஃப்ரண்ட் லோடில் 80 வாஷ்! இதைவிட மென்மையான தண்ணீர் எந்த சாஃப்ட்னரிலும் கிடைக்காது. பொடியைக் குறைக்க மறக்காதீர்கள்.

7. ஹீட்டர் உள்ள மெஷின் என்றால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை துணி இல்லாமல் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் ஓட்டுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். மேனுவலில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். பிளீச்சிங் பவுடர் அல்லது பிளீச் திரவத்தோடு இதை ஒருபோதும் கலக்காதீர்கள். விஷ வாயு வரும்.

கடைசியாக ஒன்று. நல்ல தண்ணியில் நன்றாக வெளுக்கிறதே என்று குழாய்த் தண்ணீரை மெஷினுக்குத் திருப்பிவிடாதீர்கள். எங்களைப் போன்ற கடைமடை ஊர்களுக்கு அது எத்தனை கிலோமீட்டர் குழாயில் வந்து சேர்கிறது என்பது இங்கே குடத்தோடு காத்திருப்பவர்களுக்குத் தெரியும். குடிக்கிற தண்ணீர் குடிப்பதற்கே. போர் தண்ணீரிலும் மழைத் தண்ணீரிலும் ஒழுங்காகத் துவைக்க முடியும். அதற்குத் தேவை ஒரு எண், ஒரு அட்டவணை.

எங்கள் வீட்டு மெஷின் மேல் இப்போது ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. ‘உப்புத் தண்ணி: 2 ஸ்பூன். மழைத் தண்ணி: முக்கால் ஸ்பூன்.’ பதநீர்க் கலயத்தின் உள்ளே எவ்வளவு சுண்ணாம்பு தடவ வேண்டும் என்று கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர் அம்மா. அட்டையை முதலில் நம்பவில்லை. துண்டு விறைப்பில்லாமல் காய்ந்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினார். இருந்தாலும் கண்ணாடிக் கதவு வழியாக இன்னும் எட்டிப் பார்க்கிறார். “நொரை இல்லாட்டியும் அழுக்குப் போகத்தான் செய்யி” என்கிறார்.

அந்த அட்டையை நான் ஒட்டினேன். ஒட்ட வேண்டியவர்கள் பொடியையும் மெஷினையும் விற்பவர்கள். அடுத்த முறை மெஷின் வாங்கக் கடைக்குப் போனால், “எத்தனை கிலோ, எத்தனை ஆர்பிஎம்” என்று கேட்பதோடு, “எங்க ஊர்த் தண்ணிக்கு எத்தனை ஸ்பூன்?” என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் சிரிப்பார்கள். பத்தாயிரம் பேர் கேட்டால் பாக்கெட்டில் அச்சாகும்.